ரெடி என்று சொல்கிற ஆள்

காந்தாவுக்கு அறுபத்துநாலு மார்க் என்று ரகுராம் சொன்னபோது கான்ஃபரன்ஸ் ரூமில் ஏழு பேர் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மெயிலில் அனுப்பியிருக்கலாம். அதெல்லாம் செய்யவில்லை. தாளைத் தூக்கிப் பிடித்து, சிவப்பு மை அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி ஆட்டி, சிரித்துக்கொண்டே சொன்னான்.

"காந்தா மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இன்னும் ரெடி இல்ல. வயர் இழுக்கிறது வேற, வயர்லெஸ் வேற. எண்பது வந்தாத்தான் கம்பெனி பரீட்சைக்கு அனுப்பும். அடுத்த வருஷம் பாக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். யார் என்று காந்தா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த ஆளையும் சேர்த்து வெறுக்க வேண்டியிருக்கும். அவளுக்கு ரகுராம் ஒருத்தனே போதும்.

இது நடந்தது இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், மே மாதம். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்த அந்தக் கம்பெனிக்கு ஆபீஸ்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிற வேலை. காந்தா விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவள். டிப்ளமோ படிப்பு, பதின்மூன்று வருஷ சர்வீஸ், வயது முப்பத்தாறு. ரகுராம் ஈரோட்டிலிருந்து வந்த இன்ஜினியர். அவளைவிட ஏழு வயது சின்னவன். அவன்தான் டீம் லீடர்.

இந்த வெறுப்பு மார்க்கில் ஆரம்பித்தது இல்லை, கேளுங்கள். அதற்கு முன்னால் ஜெயநகர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. வயர் இல்லாமல் எல்லா வார்டுக்கும் நெட்வொர்க் வேண்டும் என்றார்கள். கூரையில் எந்த இடத்தில் வெள்ளை வயர்லெஸ் பெட்டியை மாட்டினால் சிக்னல் எதுவரைக்கும் போகும் என்று நடந்து நடந்து அளக்க வேண்டும். நாலு நாள் லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தவள் காந்தா. எக்ஸ்ரே ரூம் சுவருக்குள் ஈயத் தகடு இருக்கிறது, அதைத் தாண்டி ஒரு பொட்டு சிக்னல் போகாது என்று கண்டுபிடித்தவள் காந்தா. நாற்பது பக்க ரிப்போர்ட் எழுதியவளும் அவள்தான். கடைசியில் முதல் பக்கத்தில் இருந்த பேர் ரகுராம். அவள் பேர் எங்கே என்று தேடினால், முப்பத்தெட்டாம் பக்கத்தில், "உதவி" என்கிற தலைப்பின் கீழே, ஏணி வாடகைக்குக் கொடுத்தவர் பேருக்கு அடுத்ததாக இருந்தது.

இப்போது அதே ஆஸ்பத்திரி ஆறு மாடியில் இன்னொரு கட்டடம் கட்டுகிறது. இந்தத் தடவை ஒரு நிபந்தனை போட்டார்கள். வயர்லெஸ் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, சர்ட்டிபிகேட் வைத்திருக்கிற ஆள்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனியில் யாரிடமும் அந்த சர்ட்டிபிகேட் கிடையாது. மேனேஜர் சந்திரன் சொல்லிவிட்டார்: "யார் மொதல்ல வாங்கறாங்களோ, அவங்க பேர்லதான் வேலை. ரகு, யார் ரெடின்னு நீ பாத்துச் சொல்லு." பரீட்சைக்குப் போகிற ஆளே மற்றவர்களை எடைபோடுவது எந்த ஊர் நியாயம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. காந்தா, "மாதிரிப் பரீட்சை வைங்க ரகு சார், எழுதறேன்" என்றாள். வைத்தான். அறுபத்துநாலு.

வீட்டுக்குப் போய்த் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் சொந்தக் காசில் வாங்கின தடிப் புத்தகம். ஒரு கேள்வி இப்படி: சிக்னல் சக்தியை அளக்கிற கணக்கில் நூறு மில்லிவாட் என்பது இருபது டிபிஎம், அப்படியானால் இருநூறு மில்லிவாட் எத்தனை? அவள் எழுதியது இருபத்துமூன்று. அதன்மேல் சிவப்பில் ஒரு பெரிய பெருக்கல் குறி, பக்கத்தில் "40". காந்தாவுக்கு முதலில் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. புத்தகத்தைப் புரட்டினாள். சக்தி இரண்டு மடங்கு ஆனால் இந்த அளவு மூன்றுதான் ஏறும் என்று முதல் அத்தியாயத்திலேயே போட்டிருந்தது. அடுத்த தப்பைப் பார்த்தாள். அடுத்ததை. பதினெட்டு தப்பில் ஏழு அவள் தப்பு. மற்ற பதினொன்றும் அவன் வைத்துத் திருத்தின விடைக்குறிப்பின் தப்பு. ஒன்றுக்கு இரண்டு மார்க். சரியாகத் திருத்தியிருந்தால் எண்பத்தாறு.

மறுநாள் தாரணியைப் பிடித்தாள். தாரணி புதிதாகச் சேர்ந்த பெண். அவளுக்குத் தொண்ணூற்றுநாலு வந்திருந்தது.

"இருநூறு மில்லிவாட்டுக்கு என்னடி எழுதினே?"

"நாப்பதுக்கா. ஏன்?"

"எப்படி நாப்பது?"

"எப்படின்னா... டம்ப்ல அப்படித்தானே இருந்துச்சு. ரகு சார் எல்லாருக்கும் சிடியில போட்டுக் குடுத்தாரே. உங்களுக்குக் குடுக்கலையா?"

முன்னால் பரீட்சை எழுதினவர்கள் ஞாபகத்திலிருந்து கேள்வியும் பதிலுமாக எழுதி இன்டர்நெட்டில் போட்டுவைப்பார்கள். அதற்குப் பேர் டம்ப். அந்தக் காலத்தில் அதை மனப்பாடம் செய்துதான் பாதி ஊர் சர்ட்டிபிகேட் வாங்கியது. எவனோ அவசரத்தில் எழுதின தப்பும் சேர்ந்தே மனப்பாடம் ஆகும். ரகுராம் அந்த டம்பையே கேள்வித்தாளாக்கி, அதன் தப்பையே விடையாக்கி, காந்தா ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்திருந்தான்.

ஏணி, கேபிள் எல்லாம் பார்த்துக்கொள்கிற ஓஸ்வால்டிடம் மட்டும் காந்தா இதைச் சொன்னாள். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இப்பவே போம்மா. சந்திரன் டேபிள் மேல இந்தப் பேப்பரப் போடு. அந்தப் பையன் மூஞ்சி எங்க போகுதுன்னு பாப்போம்."

"போட்டா என்ன அங்கிள் ஆகும்? 'அய்யோ சாரி, ஆன்சர் கீ தப்பாயிடுச்சு'ம்பான். திருத்திப்பான். உஷாராயிடுவான். அவ்ளோதானே?"

"பின்ன என்ன பண்ணப் போறே?"

"ஏழு பேரு முன்னால சொன்னான் இல்ல? ஆபீஸ் முழுக்கப் பாக்கணும் அங்கிள்."

ஓஸ்வால்ட் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நீ சிரிக்காம பேசினா எனக்கு பயமா இருக்கு மேன்" என்றார்.

காந்தா தன் சொந்தக் காசில், யாருக்கும் சொல்லாமல் பரீட்சைக்குப் பதிவு செய்தாள். ஜூன் இருபத்தொன்பது, புதன்கிழமை. ஆனால் தான் ரெடியா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? டம்ப் அளவுகோல் கோணல் என்று தெரிந்துவிட்டது. அதனால் ஓஸ்வால்டையே அளவுகோலாக்கிக்கொண்டாள். மத்தியானம் டிபன் பாக்ஸ் காலியானதும் ஒரு பாடத்தை எடுத்து அவருக்குச் சொல்வாள். அவர் இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார், வயர்லெஸ் ஒன்றும் தெரியாது. மூஞ்சியைச் சுளித்து, "புரியல போ" என்றால் அன்றைக்கு ராத்திரி அவள் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிப்பாள். தனக்கே புரியாததைத்தான் தன்னால் அவருக்குச் சொல்ல முடியவில்லை என்று அவளுக்குத் தெரியும். முதல் வாரம் பதினொரு தடவை "புரியல போ". மூன்றாவது வாரம் ஒரு தடவை. அப்புறம் அவரே, "அப்ப லிப்ட் பக்கத்துல மாட்டினா வேலைக்காகாது, இரும்பு இல்ல?" என்று எதிர்க்கேள்வி போட ஆரம்பித்துவிட்டார்.

இதற்கு நடுவில் ரகுராமே வந்து தலையைக் கொடுத்தான். அவனும் விவேக் நகருக்குப் பக்கத்தில்தான் வீடு எடுத்திருந்தான். ஒரே கம்பெனி பஸ். ஓசூர் ரோட்டில் அந்த பஸ் ஊர்ந்து, பொம்மனஹள்ளியில் நின்று, சில்க் போர்டில் செத்து, வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம். ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மேடம், ஒரு உதவி. இந்தக் கேள்வியெல்லாம் நீங்க வாசிங்க, நான் பதில் சொல்றேன். நானா படிச்சா தூக்கம் வருது. உங்களுக்கும் யூஸ்தானே? காதுல விழுந்தாலே கொஞ்சம் ஏறும்."

காந்தாவுக்குள் எதுவோ குளிர்ந்துபோனது. "குடுங்க சார்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் அவள் வாசிப்பாள், அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். "பி." "டி." "ஏ, சி ரெண்டும்." மூன்றாம் நாளே ஒன்று கவனித்தாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடுகிறது. முதல் நாலு வார்த்தை போதும் அவனுக்கு. ஒரு நாள் வேண்டுமென்றே விடைகளின் வரிசையை மாற்றி, பி-யில் இருந்ததை டி-யில் வைத்து வாசித்தாள்.

"பி" என்றான் ரகுராம், கண்ணைத் திறக்காமலே.

அவனுக்கு விடை தெரியவில்லை. விடை இருக்கிற இடம் தெரிந்திருந்தது. பஸ் கூட்லு கேட்டில் நின்றுகொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பசி வேளையில் இலை போட்ட மாதிரி இருந்தது.

"எத்தனை மேடம்?"

"தொண்ணூத்தெட்டு சார். டம்ப் படி."

"பாத்தீங்களா? இதுக்குப் பேர்தான் ப்ரிப்பரேஷன்."

அவனும் ஜூன் இருபத்தொன்பதுக்கே பதிவு செய்திருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பதிவு செய்த எல்லோருக்கும் போல காந்தாவுக்கும் பரீட்சை நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது. ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து கேள்விகள் எல்லாம் புதியவை, பழைய தாள் ஜூன் முப்பதோடு முடிகிறது என்று. அன்றைக்குச் சாயந்திரம் பஸ்ஸில், மெயிலைப் பிரித்தே பார்க்காத ரகுராம் வேறொரு கவலையோடு வந்தான்.

"ஊர்லேருந்து அம்மா போன் பண்ணாங்க மேடம். இருபத்தொம்பது ஏதோ நாள் சரியில்லயாம். உங்க வீட்ல நாள்காட்டி இருக்குமே, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

சனி, ஞாயிறு இரண்டு நாள் இருந்தது அவளுக்கு யோசிக்க. நாள்காட்டியைப் பார்க்க ஒரு நிமிஷம்தான் ஆனது. மீதி நேரம் அவள் யோசித்தது, சொல்லலாமா வேண்டாமா என்று இல்லை. பொய் சொல்லாமல் எப்படிச் சொல்வது என்றுதான். யோசிக்கவே தேவையில்லை என்று கடைசியில் தெரிந்தது.

"இருபத்தொம்பது அஷ்டமி சார். முப்பது நவமி."

"அய்யய்யோ. அப்புறம்?"

"ஒண்ணாம் தேதி வெள்ளிக்கிழமை. தசமி. காலையில பத்தரைக்குள்ள உள்ள போயிட்டா ராகு காலமும் கெடையாது."

"சூப்பர் மேடம். ஒம்பது மணி ஸ்லாட்டே போட்டுடறேன். நீங்க இல்லன்னா மாட்டியிருப்பேன்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. அவன் நாள் கேட்டான், அவள் நாள் சொன்னாள்.

அஷ்டமி அன்று காந்தா காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு ரிச்மண்ட் சர்க்கிள் பக்கத்தில் இருந்த பரீட்சை சென்டருக்குப் போனாள். நம்ம ஊர் ஆட்கள் யாரும் அன்றைக்கு பதிவு செய்யவில்லை போலும். பதினைந்து கம்ப்யூட்டரில் அவளும் ஒரு வடநாட்டுப் பையனும்தான். அறுபது கேள்வி, ஒன்றரை மணி நேரம். பாஸாக எழுபது சதவீதம் வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் மனசுக்குள் ஓஸ்வால்டுக்குப் பதில் சொன்னாள். இருநூறு மில்லிவாட் கேள்வியும் வந்தது. கடைசி பட்டனை அமுக்கினாள். எண்பத்தெட்டு. மேஜையில் இருந்த பெண் பேப்பரில் முத்திரை குத்தி, "கங்கிராட்ஸ் மேடம்" என்று கொடுத்தாள். காந்தா அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வீட்டிலும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஆபீசில் ரகுராம் எல்லோர் மேஜைக்கும் போய் வாழ்த்து வாங்கினான். மறுநாள் மூன்று மணிக்கு மாடி முழுக்க மைசூர்பாக்கு வரும் என்று சொல்லி வைத்தான். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும், திங்கட்கிழமை சர்ட்டிபிகேட்டோடு வருகிறேன் என்று மெயில் போட்டாயிற்று. அப்புறம் காந்தாவிடம் வந்தான்.

"நாளைக்கு நீங்களும் வாங்க மேடம். உள்ள போறதுக்கு முன்னால ஒரு தடவ வாசிச்சீங்கன்னா தைரியமா இருக்கும். உங்க குரல்லயே எல்லாம் ஞாபகம் இருக்கு எனக்கு."

போனாள். சென்டர் மாடிப்படியில் உட்கார்ந்து வாசித்தாள். நூற்றுக்கு நூறு. அவன் நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. கம்ப்யூட்டர் பரீட்சைக்குப் பேனா எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. அப்போதும் சொல்லியிருக்கலாம். கேள்வி மாறிவிட்டது, இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போடுங்கள் என்று ஒரு வாக்கியம். அவன் கதவைத் தள்ளும்போது திரும்பி, "ரெடிதானே மேடம் நான்?" என்றான்.

"டம்ப்ல நூத்துக்கு நூறு சார்."

நாற்பது நிமிஷத்திலேயே வெளியே வந்துவிட்டான். விபூதி வேர்வையில் வழிந்திருந்தது. கையில் பேப்பர். நாற்பத்தொன்று.

"எல்லாம் புதுசா இருக்கு மேடம். ஒண்ணுகூட வரல. ஒரே ஒரு கேள்விகூட..."

"ஆமா சார். இன்னிலேருந்து மாறிடுச்சு. மெயில் வந்துச்சே."

அவன் பேப்பரைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான். புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே மேடம். உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

என்ன பாவம் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை என்பதுதான் காந்தாவை இன்னும் எரித்தது. ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். அவன் ஏறி உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். மூன்று மணிக்கு மைசூர்பாக்கு சரியாக வந்து சேர்ந்தது. அதை நிறுத்தச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. மாடி முழுக்க, அவன் பெயில் என்று தெரிந்துகொண்டே, தின்றார்கள்.

திங்கட்கிழமை சந்திரன் ரூமில் ரகுராம் ஏதேதோ சொன்னான். கேள்வி மாறிவிட்டது, இந்த நிலைமையில் யாரும் பாஸ் பண்ணியிருக்க முடியாது என்றான். காந்தா கைப்பையைத் திறந்து மடித்த பேப்பரை மேஜைமேல் விரித்தாள். அதன் பக்கத்தில் சிவப்பு மைத் தாளையும் வைத்து, பதினொரு இடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். சந்திரன் இரண்டையும் எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மாறப் போறது தெரிஞ்சும் நீங்க டீமுக்கு ஏன் சொல்லல?"

"யார் ரெடின்னு பாக்கறது லீடர் வேலை சார். என்னை வாசிக்கத்தான் சொன்னாரு. வாசிச்சேன்."

சந்திரனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கையெழுத்து வேண்டும், கையெழுத்துப் போடக் கம்பெனியில் ஒரே ஆள்தான் இருந்தாள். வேலை காந்தா பேருக்கு வந்தது. ரகுராம் அவளுக்குக் கீழே. அதோடு இன்னொரு உத்தரவு: இனிமேல் காந்தா ரெடி என்று எழுதிக் கொடுத்தால்தான் யாராக இருந்தாலும் பரீட்சைக்குப் போகலாம்.

அவள் டம்பைத் தூக்கிப் போட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஏதாவது ஒரு தூண் பக்கத்தில் ஆளை நிறுத்துவாள். பெட்டி எங்கே இருக்கிறது, நடுவில் என்ன சுவர் என்று பார்த்து, இங்கே சிக்னல் எத்தனை டிபிஎம் வரும் என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் லேப்டாப்பைத் திறப்பாள். மூன்று எண்ணுக்குள் நெருங்கினால் ரெடி. தாரணி ஆகஸ்டில் நெருங்கினாள், போய்ப் பாஸ் பண்ணி வந்தாள்.

ரகுராம் ஜூலையில் இருபது எண் தள்ளிச் சொன்னான். ஆகஸ்டில் பதினைந்து. செப்டம்பரில் எட்டு. பேசுவதைக் குறைத்துவிட்டான். கையில் ஒரு நோட்டு, அதே தடிப் புத்தகம், ஷூவெல்லாம் சிமெண்ட் தூசி. வேலை நேரம் முடிந்தும் மாடி மாடியாகத் தனியாக நடக்கிறான் என்று வாட்ச்மேன் சொன்னார்.

அக்டோபரில் நாலாவது மாடி. ஓஸ்வால்ட் கேபிள் சுருளோடு நின்றிருந்தார். ரகுராம் கூரையைப் பார்த்தான், சுவரைத் தட்டிப் பார்த்தான், லிப்ட் இருக்கிற பக்கம் நாலடி நடந்து திரும்பி வந்தான்.

"மைனஸ் அறுபத்தேழு மேடம்."

காந்தா லேப்டாப்பைத் திறந்தாள். திரை அவள் பக்கமும் ஓஸ்வால்ட் பக்கமும்தான் தெரிந்தது. மைனஸ் அறுபத்தாறு.

மூடினாள்.

"இன்னும் ரெண்டு மாசம் போகட்டும் சார்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை வந்தது என்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டினான், நோட்டில் அறுபத்தேழை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான், படியிறங்கிப் போனான். எந்தச் சுவரைக் கணக்கில் விட்டோம் என்று அவன் கீழே முணுமுணுத்துக்கொண்டே போவது கேட்டது.

ஓஸ்வால்ட் கேபிளைத் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் ஏதாவது கேட்பார் என்று காந்தா காத்திருந்தாள், பதிலும் வைத்திருந்தாள். அவர் கேட்காமலே அடுத்த மாடிக்கு ஏறினார். அவள் படிவத்தைச் சுவரில் வைத்து, ரகுராம் பேருக்கு நேராக "ரெடி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக.